ஏழு நாள் திருநீறு

காய்ச்சலை ஒளித்துவைக்க முடியாது என்று சொன்னவர்கள் ஒத்தப்பாலம் தோட்டத்துப் பெண்களைப் பார்த்ததில்லை.

விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடிப்போய்ப் பேர் கொடுக்க வேண்டிய அவசரத்திலும் அவர்கள் அந்த வேலையைச் செய்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க மண்சட்டியில் கிடந்து குளிர்ந்த தண்ணீரில் மாரியம்மன் கோயில் திருநீற்றைக் குழைப்பார்கள். புருவத்திலிருந்து மயிர்க்கால் வரைக்கும் மூன்று விரலால் இழுத்து ஒரு பூச்சு. அது காய்ந்ததும் இன்னொன்று. அதன்மேல் மற்றொன்று. பிள்ளையின் நெற்றி வெள்ளையடித்த சுவராகிவிடும். மேலே கை வைத்தால் சில்லென்றுதான் இருக்கும். காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்று பயந்தவர்கள், நெற்றிக்கு அம்மன் திருநீறு பூசினால் என்ன வந்துவிடப் போகிறது என்று தைரியமாக இருந்தார்கள்.

ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் போகிற சாலையில், பாதி வழியில் பிரிந்து ரப்பர் மரங்கள் நின்ற கித்தாக்காட்டுக்குள் நாலு மைல் போனால் ஒத்தப்பாலம் வரும். ஆற்றின் குறுக்கே ஒற்றை மரப்பாலம். அதைத் தாண்டினால் கூலி வீடுகள் வரிசையாக ஒட்டிநின்ற நாலு லயம், ஒரு கோயில், ரப்பர் ரொட்டித் தகடுகள் காயும் புகைக்கூடம், ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோர், அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாத்தியார் ராமையா காலையில் பெரட்டில் ஆள் கூப்பிட்டுவிட்டு, அதே தொண்டையோடு வந்து பிள்ளைகளையும் கூப்பிடுவார். அவருக்கு அரிச்சுவடியும் ஆறாம் வாய்ப்பாடும் தெரியும். அதற்குமேல் கேட்கிற பிள்ளை அங்கே இல்லாததால் பிழைத்தார்.

காலை எட்டு மணிக்கு மிஸ்ஸி வருவாள். நர்ஸ் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, மிஸ்ஸிதான். பெயர் மங்களம். ஈப்போவில் ரயில் லயத்தில் பிறந்தவள். டவுன் ஆஸ்பத்திரியில் வேலை பழகியவள். புருஷன் ஊருக்குப் போய்வருகிறேன் என்று கப்பலேறி ஒன்பது வருஷம் ஆகியும் கடுதாசிகூடப் போடவில்லை. நாலு தோட்டத்துக்கும் பொதுவான ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில் ஒன்றரை மைலில் இருந்தது. அங்கிருந்து குளிர்காய்ச்சலுக்கான கொய்னாத் தண்ணீர் போத்தலும் ஒரு தகரக் குவளையுமாக நடந்தே வருவாள். பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். கண்ணை இழுத்துப் பார்ப்பாள், நாக்கை நீட்டச் சொல்வாள், இடது விலாவுக்குக் கீழே அமுக்கிக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பாள், நெற்றியைத் தொடுவாள். பிறகு ஒரு மடக்கு கொய்னா. விழுங்கி, வாயைத் திறந்து காட்டினால்தான் அடுத்த பிள்ளை. காய்ச்சலை அளக்கிற கண்ணாடிக் குச்சி ஆஸ்பத்திரிக்கே ஒன்றுதான். அது ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் கார்த்திகேசுவின் சட்டைப்பையை விட்டு இறங்காது. மங்களத்துக்கு அவள் கைதான் குச்சி.

நோயாளிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்களே, இவர்களுக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா என்று டவுனில் உட்கார்ந்து கேட்பது சுலபம். அம்மாவும் அப்பாவும் இருட்டோடு காட்டுக்குள் போனால் வெயில் ஏறித்தான் திரும்ப வேண்டும். வீட்டில் விட்டால் லயத்தைச் சுற்றிவரும் கங்காணி கண்ணில் பிள்ளை படும். பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைகளில் எத்தனை திரும்பி வந்தன என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் என்றால் கூரை இருக்கிறது, கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மத்தியானம் தோட்டத்துச் செலவில் கஞ்சி உண்டு. நடுவில் தாண்ட வேண்டியது ஒரே ஒரு கை. அந்தக் கைக்காகத்தான் அத்தனை திருநீறும்.

அன்றைக்கு வரிசையில் பதினோராவதாகச் சீனி நின்றான். ஆறு வயது. பால்மரம் வெட்டும் காளியம்மாளுக்கும் புல்வெட்டுக் கும்பலில் இருந்த பத்துமலைக்கும் மிஞ்சியிருந்த ஒரே பிள்ளை. நெற்றி முழுக்கத் திருநீறு. மங்களம் நெற்றியைத் தொடவே இல்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியில், காதுக்குக் கீழே வைத்தாள். அடுப்பில் கிடந்த தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டாள்.

"எப்பலேர்ந்துடா?"

சீனி நாக்கை நீட்டினான்.

"நாக்கக் கேக்கல. எப்பலேர்ந்து சுடுது?"

"சுடல மிஸ்ஸி" என்றான். பல் தந்தியடித்தது.

பிடரியில் கை வைக்கும் பழக்கம் அவளுக்கு வந்தது பதினாலு மாதத்துக்கு முன்னால். சும்மா வரவில்லை.

சீனிக்கு மூத்தவள் செல்லாயி. அவளும் ஆறு வயதில் இதே வரிசையில் நின்றாள். கோயிலில் காப்புக் கட்டியிருந்த வாரம் அது. எல்லாப் பிள்ளைகள் நெற்றியிலும் திருநீறு இருந்தது, அவள் நெற்றியில் கொஞ்சம் கூடுதல். மங்களம் ஒவ்வொரு நாளும் அந்தத் திருநீற்றின்மேல் புறங்கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. காப்புக் கட்டிய நாளில் ஆத்தா திருநீற்றை அழித்துப் பார்க்க அவளுக்கும் மனம் துணியவில்லை. அவளும் அதே சாமியைக் கும்பிட்டவள்தானே. ஏழு நாள் அப்படிப் போயிற்று. எட்டாம் நாள் கொய்னாக் குவளையைக் கையில் வாங்கும்போதே பிள்ளை சுருண்டு விழுந்தது. மங்களம் இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு ஓடினாள். காட்டில் இருந்த தாய்க்குச் சொல்லியனுப்பக்கூட நேரமில்லை. மறுநாள் பொழுது விடிவதற்குள் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து மங்களத்தின் இடுப்பு அந்தப் பாரத்தை இறக்கவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு வந்தால் இடது பக்கம் கனக்கும். ஒரு சின்னக் குதிகால் நடைக்கு நடை தொடையில் இடிக்கும். சுடும். வெறுங்கையோடு நடப்பவள் பாலத்தின் நடுவில் நின்று சேலையைச் சரிசெய்துகொள்வாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் அடைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்திலும் அந்தப் பிள்ளை போகவில்லை. பாயில் செல்லாயி உட்கார்ந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் மற்றப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் செத்த பிறகும் ஒரு வாரம் வாத்தியார் பழக்கத்தில் அவள் பேரைக் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா சார்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு பேரை விட்டுவிட்டார். ஆனால் அந்த இடம் வந்ததும் இன்றைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் அடுத்த பேருக்குப் போவார்.

மங்களம் சீனியைத் தூக்கிக்கொண்டாள். வலது இடுப்பில்.

"வாத்தியாரே, நான் ஸ்டோர் வழியா போறேன். காளியம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."

"சொன்னா குடுக்க மாட்டா மிஸ்ஸி. ஒங்களுக்கு எதுக்கு இந்த சூசா, வீண் தொல்ல? போன தடவ மாதிரி..." என்று தொடங்கிய ராமையா அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

மழை தூறத் தொடங்கியிருந்தது. வெட்டிய பால் தண்ணீராகிவிடுமே என்று பெண்கள் அவசர அவசரமாகக் கோப்பைகளை வழித்து வாளியில் ஊற்றிக்கொண்டு ஸ்டோருக்கு வந்துகொண்டிருந்தார்கள். தோளில் காண்டா மரம், இரண்டு பக்கமும் வாளி, புளித்த பால் வாடை. நாலாவதாக வந்த காளியம்மாள், மகனை மிஸ்ஸி இடுப்பில் பார்த்ததும் அப்படியே நின்றாள். பின்னால் வந்தவள் அவள்மேல் முட்டிக்கொண்டாள்.

"மிஸ்ஸி, அவன எறக்கி விடுங்க."

"கொதிக்குது காளியம்மா. கைய வச்சுப் பாரு."

"காலையில நல்லாத்தான் இருந்தான். வெயில்ல நின்னுருப்பான்."

"மழை பேயுது. வெயில எங்க கண்டே?"

"எறக்குங்கன்னு சொல்றேன்லா!"

வாளிகளைக் கீழே வைத்துவிட்டு வந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். சீனி அழவில்லை. தலையை மங்களத்தின் தோளில் சாய்த்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நேத்து சாயங்காலந்தானே வந்துச்சு? உண்மையச் சொல்லு. இன்னிக்கே கொய்னா ஊசி போட்டா பொழச்சுக்குவான். ரெண்டு நாள் போச்சுன்னா மூளைக்கு ஏறிரும்."

"போன வருசமும் இப்படித்தான் தூக்கிட்டுப் போனே. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? மத்தியானம் வாரேன், பாய்ல எம்பொண்ணு இல்ல. மறுநாளு மண்ணுக்குள்ள வச்சுட்டு வாரேன். எனக்கு இருக்கிறது இது ஒண்ணு. இதயும் கொண்டுபோயி முழுங்கிட்டு வா."

மரியாதை போய் 'நீ' வந்துவிட்டது. மங்களம் அதைக் கவனிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போறவங்க எல்லாம் சாவாங்கன்னா, நான் தெனம் அங்கதானே கெடக்கேன்?"

"ஒனக்கென்ன சாவு வரப்போவுது? நீ அத வழியனுப்பி வைக்கிறவ."

பக்கத்து மரவரிசையில் புல் வெட்டிக்கொண்டிருந்த பத்துமலை வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். மகனின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மனைவியிடம், "குடுத்துரு புள்ள" என்றார்.

"நீ சும்மா இரு. ஒனக்கு எல்லாத்தையும் குடுத்துதான் பழக்கம்."

"கொதிக்குது புள்ள."

"காளியம்மா, நீயும் வா" என்றாள் மங்களம். "கூடவே ஒக்காரு. அவன்மேல நான் கை வைக்கிறதெல்லாம் ஒங் கண்ணு முன்னாலதான். போதுமா?"

"வேலைய விட்டுட்டா? பெரட்டுல பேரையே வெட்டிருவாங்க."

"கங்காணிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நீ சொன்னா கேக்க அவரு என்ன ஒனக்கு மாமனா?" என்றாள் காளியம்மாள். ஆனால் பிடித்திருந்த காலை விட்டுவிட்டாள். "இந்த ரெண்டு வாளியையும் நிறுத்துட்டு வாரேன். அதுக்குள்ள நகந்தீன்னா பாரு."

பாலத்தைத் தாண்டும்போது மங்களத்தின் வலது இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தது. இடது இடுப்பும் கனத்தது.

டிரெசர் கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். சட்டத்தில் கெட்டி. தாயைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இஞ்ச பார் பிள்ளை, தாய்மாரை உள்ளுக்கு விடக் கூடாதெண்டு துரை சொன்னது தெரியும்தானே?"

"உள்ளுக்கு இல்ல ஐயா. வராந்தாவுல."

"வராந்தா என்ன கோயில் மண்டபமே?"

"துணி தொவைக்க ஆளில்லன்னு நேத்து சொன்னீங்களே. தொவைக்கட்டும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குச்சியை உதறினார். சீனிக்கு நூற்று நாலுக்கு மேல் இருந்தது. "முதல் நாளோ?" என்று கேட்டார். "முதல் நாள்" என்றாள் மங்களம். "அப்ப கடவுள் கண்ணைத் திறந்திட்டார்" என்று சொல்லி ஊசியைக் கொதிக்கவைக்கப் போனார். நல்ல மனுஷர்தான், சத்தம்தான் பெரிசு.

காளியம்மாள் நாலு நாள் அந்த வராந்தாவில் இருந்தாள். நோயாளிகளின் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டாள். மழை வந்தால் எடுத்தாள், நின்றால் மறுபடி போட்டாள். இடையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மங்களம் ஊசி போடும்போது இவள் உதடு அசையும். ஆத்தாளைக் கூப்பிட்டாளா, மிஸ்ஸியைத் திட்டினாளா என்று தெரியாது. பத்துமலை அந்திக்கு ஒரு தூக்கில் சோறும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். மூன்றாம் நாள் சீனிக்கு வேர்த்துக் கொட்டியது. பாய் நனைந்தது. நாலாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, கஞ்சிக்குக் கருவாடு வேண்டும் என்று அடம் பிடித்தான்.

மங்களத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வராந்தாவுக்கு ஓடினாள். "காளியம்மா! கருவாடு கேக்குறான்!"

காளியம்மாள் சிரிக்கவில்லை. சுவரோரம் குந்தியிருந்தாள். முழங்கையில் சோப்பு நுரை காய்ந்து கிடந்தது. பிள்ளை பிழைத்த தாயின் முகம் இல்லை அது.

"மிஸ்ஸி. ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லப்படாது."

"கேளு."

"இவன மொத நாளே கொண்டாந்தீங்க. பொழச்சுக்கிட்டான்."

"ஆமா."

"அவளையும் மொத நாளே கொண்டாந்திருந்தா?"

கொடித் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று மங்களத்துக்குத் தெரியும். வராமலே போகட்டும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டும் இருந்தாள். பதினாலு மாதமாகக் காளியம்மாளைத் தூக்கி நிறுத்தியது ஆஸ்பத்திரிமேல் இருந்த ஆத்திரம் ஒன்றுதான். ஆஸ்பத்திரி பிள்ளைகளைக் கொல்லுகிற இடம் என்றால் செல்லாயியைக் கொன்றது ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி பிழைக்கவைக்கிற இடம் என்றால்? மகன் பிழைத்த அந்த நிமிஷமே மகள் இரண்டாம் முறை செத்துவிட்டாள். இந்தத் தடவை கொன்றது யார் என்பதும் தாய்க்குத் தெரிந்துபோயிற்று.

மங்களத்துக்கு யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"கொண்டாந்திருந்தாலும் பொழச்சிருக்க மாட்டா. அன்னிக்கு இங்க கொய்னா தீந்துபோச்சு. நான் அவசரத்துல வேற போத்தல எடுத்துட்டேன். மருந்து மாறிப்போச்சு. தப்பு எம்மேலதான் காளியம்மா."

காளியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தரையில் இரண்டு கையாலும் அறைந்துகொண்டு கத்தத் தொடங்கினாள்.

"பாவி! சண்டாளி! எம்பொண்ண முழுங்குனவளே! ஒங்கை அழுவிப் போவ! ஒனக்குன்னு ஒண்ணு வயித்துல தங்காம போவ!"

மகள் செத்த நாளில்கூட அவள் இப்படி அழுததில்லை. மண்ணை வாரி வீசினாள். மங்களம் முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் நின்றாள். கடைசிச் சாபம் ஏற்கெனவே பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கார்த்திகேசு ஓடிவந்து, "என்ன விசர் இது!" என்று சத்தம் போட்டார். அன்றைக்கு மத்தியானமே காளியம்மாள் மகனைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டாள்.

நெருப்புக்குக் கால் இல்லை, பேச்சுக்கு இருக்கிறது. மறுநாள் பெரட்டில் பேச்சு இதுதான். மிஸ்ஸி மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டாளாம். அவள் வாயாலேயே சொன்னாளாம். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் நின்ற வரிசையில் அந்த வாரக் கடைசிக்குள் பதினேழுதான் மிஞ்சின. மற்றவை எங்கே என்று ராமையாவைக் கேட்டால், "ஒருத்தனுக்கு அத்தை வீடு, ஒருத்திக்குச் சித்தியவான்ல கல்யாணம்" என்றார். சித்தியவானில் அத்தனை கல்யாணம் நடந்திருந்தால் வாழைமரமே மிஞ்சியிருக்காது. பிள்ளைகள் புகைக்கூடத்து விறகு அடுக்குக்குப் பின்னால் கிடந்தன. சில பிள்ளைகளைத் தாய்மார் காட்டுக்கே கூட்டிப்போய் மரத்தடியில் சாக்கில் படுக்கவைத்தார்கள். மங்களம் ஒருத்தியின் மனசை ஆற்றச் சொன்ன ஒரு பொய், நாலு லயத்துப் பிள்ளைகளின் தலையில் விடிந்திருந்தது. இதை அவள் நினைத்தே பார்க்கவில்லை. மருந்து கொடுக்கிற கை பொய் சொன்னால் அந்தக் கையை யார் நம்புவார்கள் என்று இவ்வளவு காலம் வேலை பார்த்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இரண்டாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள். மங்களம் போத்தலை எடுத்துக்கொண்டு லயத்துக்கே போனாள். வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். கதவுகள் திறந்தன, உடனே மூடின. மூன்றாம் லயத்தில் கருப்பம்மாள் வீட்டு வாசலில் வேப்பிலைப் புகை நாறியது. உள்ளே பிள்ளை முனகுகிற சத்தம் கேட்டது. கருப்பம்மாள் இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல. போங்க."

"குஞ்சம்மா முனகுறது எனக்குக் கேக்குது. எத்தன நாளாச்சு?"

"எத்தன நாளானா ஒங்களுக்கு என்ன?"

"மூணா? நாலா? கருப்பம்மா, ஒன்னக் கும்புடுறேன். ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

"எதுக்கு? மருந்த மாத்தி ஊத்தவா? காளியம்மா பொண்ணுக்கு ஊத்துன மாதிரியா?"

அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். பேன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், சட்டி தேய்த்துக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும். நாலு வீடு தள்ளிக் குழாயடியில் காளியம்மாள் மகனுக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த கை நின்றுவிட்டது.

மங்களம் அவளைப் பார்த்தாள். நான் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தக் கதவு திறக்கும். அதே வார்த்தை குழாயடியில் நிற்கிறவள்மேல் போய் விழும். சொல்லாவிட்டால் உள்ளே கிடக்கிற பிள்ளை இன்றோ நாளையோ. பிள்ளைதான் பெரிது என்று வாயைத் திறந்தாள்.

"கருப்பம்மா, நான் அன்னிக்குச் சொன்னது..."

"மருந்தெல்லாம் மாறல."

குரல் குழாயடியிலிருந்து வந்தது. காளியம்மாள் ஈரக்கையோடு நடந்துவந்தாள். கூட்டம் விலகியது.

"மருந்தெல்லாம் ஒண்ணும் மாறலடி. கொன்னது நான்தான். ஏழு நாளு. எண்ணிக்க. ஏழு நாளு நெத்தி நெறைய ஆத்தா திருநீறப் பூசி அனுப்புனேன். காய்ச்சல்னு வாயத் தொறந்தீன்னா கால ஒடிச்சுருவேன்னு மெரட்டி அனுப்புனேன். எட்டா நாளு விழுந்த பொறவு கொண்டுபோயி என்னத்த மருந்து ஊத்துனா என்ன?"

"அப்ப மிஸ்ஸி சொன்னது?" என்றாள் கருப்பம்மாள்.

"எனக்காகச் சொன்ன பொய்யி. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் வாங்கிக்கிட்டேன்." குரல் உடைந்தது. "ரெண்டு வாரம் சொகமா இருந்துச்சுடி. நாலு பேருகிட்ட அவ கொன்னா, அவ கொன்னான்னு சொல்லச் சொல்ல, தூக்கம் வந்துச்சு."

பத்துமலை தன் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்துவிட்டார்.

"எம்மேலயும் தப்பு இருக்கு" என்றாள் மங்களம் எல்லாருக்கும் கேட்கும்படி. "ஏழு நாளும் அந்தத் திருநீத்து மேல கைய வச்சேன். அழிச்சுப் பாக்கல. ஆத்தா கோவிச்சுக்குவான்னு பயந்தேன்."

கருப்பம்மாளின் கை நிலையிலிருந்து தானாக இறங்கியது. காளியம்மாள் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சாக்கில் சுருண்டு கிடந்த குஞ்சம்மாவுக்கு நாலு நாள் காய்ச்சல். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டதற்கு லேசாகத் தலையை அசைத்தது. மங்களம் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். காளியம்மாள் கூடவே நடந்தாள். கருப்பம்மாள் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஓடிவருவதாகச் சொன்னாள். வெயில் சுள்ளென்று இருந்தது. காளியம்மாள் முந்தானையை விரித்துப் பிள்ளையின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பாலத்தைத் தாண்டியதும் காளியம்மாள் கேட்டாள். "அவள இந்த வழியாத்தானே தூக்கிட்டுப் போனே?"

"ஆமா."

"முழிச்சாளா? ஏதாச்சும் பேசினாளா?"

இனிமேல் இவளிடம் பொய் சொல்ல முடியாது.

"பேசினா. பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் கண்ண முழிச்சா. என்னப் பாத்தா. 'காய்ச்சல்னு நான் சொல்லல மிஸ்ஸி. அம்மாகிட்ட சொல்லிருங்க, நான் சொல்லவே இல்லன்னு' அப்படின்னா. அவ்வளவுதான். அதுக்கப்பறம் பேசல."

முந்தானை ஒரு தடவை காற்றில் சரிந்தது. காளியம்மாள் அதை இழுத்து மறுபடி பிள்ளையின் தலைக்குமேல் பிடித்தாள். நடை நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கூரை மரங்களுக்கு இடையில் தெரிகிற திருப்பம் வரைக்கும் முந்தானையைத் தாழவிடாமல் வந்தாள்.

"சொல்ல மாட்டா" என்றாள். "எம்பேச்ச அவ தட்டுனதே இல்ல."